சேவல் அழும் ஏடு: 'காரித் கால்லுஸ்' மோட்டெட்டின் சுவடிகளும் அதைச் சுற்றிய வாதங்களும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு இசைத்தட்டு உறையில் 'காரித் கால்லுஸ் / இன் நோவா ஃபெர்ட் / நியூமா, இயற்றியவர் ஃபிலிப் த வித்ரி, 1314' என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயரும் ஆண்டும் எந்தச் சுவடியில் இருக்கின்றன, மூலங்கள் எத்தனை, ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

எந்தச் சுவடியிலும் இல்லை என்பதுதான் சுருக்கமான பதில். பாட்டு இருக்கிறது, பெயர் இல்லை. இசை இருக்கிறது, ஆண்டு இல்லை. உறையில் இருக்கும் இரண்டு தகவலும் கடந்த நூறு ஆண்டுகளில் அறிஞர்கள் ஊகித்துக் கட்டியவை. நல்ல ஊகங்கள்தான். ஆனால் சுவடியில் இருப்பது எது, நாம் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் கதை சுவைக்கும்.

மோட்டெட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பல குரல்கள் சேர்ந்து பாடும் ஒரு பாட்டு வகை அது. இங்கே மூன்று குரல்கள். அடியில் 'டெனார்', தேவாலயப் பாடலிலிருந்து எடுத்த ஒரு துண்டு மெட்டு. மெதுவாக, ஒரே தாள அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போகும். அதன் மேல் 'மோட்டெட்டுஸ்', அதற்கும் மேல் 'ட்ரிப்ளும்'. மேல் குரல்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வேறு வேறு பாட்டு பாடும். ஆமாம், ஒரே நேரத்தில். கேட்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாதே என்றால், சரிதான். கையில் பாடலை வைத்துக்கொண்டு, நாலு தடவை கேட்டு, நண்பர்களோடு உட்கார்ந்து அவிழ்க்க வேண்டிய கலை இது. மூன்று குரல்களின் முதற்சொற்களையும் சாய்கோடு போட்டு எழுதுவது இன்றைய வழக்கம். அதனால்தான் பெயர் அத்தனை நீளம்.

இந்த மோட்டெட் பிறந்தது பிரான்சில், பாடல் மொழியோ லத்தீன். ட்ரிப்ளும் 'சேவல் வேதனையோடு அழுதபடி கூவுகிறது' என்று தொடங்குகிறது. லத்தீனில் 'கால்லுஸ்' என்றால் சேவல், 'கால்' என்று பழங்காலத்தில் பெயர்பெற்ற தேசத்தவன் என்றும் பொருள், அதாவது பிரெஞ்சுக்காரன். அழுவது சேவலா, நாடா? இரண்டும்தான், சிலேடையில்தான் பாட்டு நிற்கிறது. காவல் காக்க வேண்டியவனே சேவல் கூட்டத்தை வஞ்சித்துவிட்டான். நரி ஒன்று, சிங்கத்தின் சம்மதத்தோடு, அரசாளுகிறது. விவிலியத்தில் வருவதுபோல, யாக்கோபின் குடும்பத்தை இன்னொரு பார்வோன், எகிப்து மன்னன், விரட்டுகிறான். மோட்டெட்டுஸ் குரல் ரோமானியக் கவிஞர் ஓவிடின் 'உருமாற்றங்கள்' காவியத்தின் முதல் அடியை அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்குகிறது: புதுப்புது வடிவங்களாக மாறிய உருவங்களைச் சொல்ல மனம் உந்துகிறது என்று. பிறகு, தேவதூதர் மிக்கேல் ஒருகாலத்தில் வீழ்த்திய நாகம் இப்போது நரியாக மாறி மறுபடி வாழ்கிறது. கண்பார்வை இழந்த சிங்கம் அந்த நரியின் ஏவலுக்குக் கீழ்ப்படிகிறது. நரி கோழிக்குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிட்டு ஆடுகளை உறிஞ்சுகிறது. 'மறுபடி' என்ற அந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி சுவடி. இசையோடு இந்த மோட்டெட்டைத் தருகிற மூலங்கள் இரண்டு. முதன்மையானது பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் 'பிரெஞ்சு 146' என்ற எண்ணில் இருக்கும் பெரிய தோல் சுவடி. அதன் முதல் 45 ஏடுகளில் 'ஃபொவெல் கதை' இருக்கிறது. ஃபொவெல் ஒரு குதிரை. அதன் பெயரே ஆறு தீமைகளின் பிரெஞ்சுப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தது: முகஸ்துதி, பேராசை, இழிகுணம், நிலையின்மை, பொறாமை, கோழைத்தனம். போப்பிலிருந்து ஏழை வரை எல்லோரும் வரிசையில் நின்று அந்தக் குதிரையைத் தேய்த்துவிடுகிறார்கள். அரச அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஜெர்வே த்யூ புஸ் இதை எழுதினார். முதல் பகுதிக்கு 1310, இரண்டாம் பகுதிக்கு 1314 டிசம்பர் 6 என்று நூலே தேதி சொல்கிறது. இசையில்லாத படிகள் பலவும் கிடைத்திருக்கின்றன. 146-ஆம் எண் சுவடி மட்டும் தனி ரகம். ஷையூ த பெஸ்தான் என்பவர் செய்த சேர்க்கைகள் என்று அதன் 23-ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. கவிதை, ஓவியம், இசை மூன்றையும் பின்னிப் போட்டிருக்கிறார்கள். இசைத் துணுக்குகள் மட்டும் 169. தொடக்கத்தில் ஒரு பட்டியலும் உண்டு: 'ட்ரெபிளும் டெனாரும் உள்ள மோட்டெட்டுகள்', 'ட்ரெபிள் இல்லாத மோட்டெட்டுகள்', பிறகு நீண்ட பாடல்கள், சிறு பாடல்கள், தேவாலயப் பாடல்கள் என்று வகை பிரித்து. இன்றைய நூலகர் கூட இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார். ஆனால் அந்தப் பட்டியலில் இசையமைப்பாளர் பெயர் என்று ஒரு பத்தியே கிடையாது. யார் இயற்றியது என்பது அவர்களுக்குப் பொருட்டாக இல்லை.

நம் மோட்டெட் 44-ஆம் ஏட்டின் பின்பக்கத்தில், கதை முடியப்போகும் இடத்தில் இருக்கிறது. பக்கம் மூன்று பத்திகளாகப் பிரிந்தது. குரல்கள் இன்றைய இசைத்தாள் போல ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படவில்லை. ஒவ்வொரு குரலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்று பேரும் ஒரே பக்கத்தைப் பார்த்து, அவரவர் பகுதியைப் பாடிச் சேர வேண்டும்.

டெனாரைப் பாருங்கள். சில சுரங்கள் கறுப்பு மை, சில சிவப்பு மை. அழகுக்காகப் போட்ட சிவப்பு இல்லை அது. கறுப்பில் எழுதிய நீண்ட சுரம் மூன்றாகப் பகுபடும். சிவப்பில் எழுதியது இரண்டாக. அக்காலத்தில் மூன்று என்றால் முழுமை, திருத்துவத்தின் எண்; இரண்டு என்றால் குறை. சுரத்தின் வடிவம் மாறவில்லை, நிறம் மட்டும் மாறுகிறது, அதோடு அளவும் மாறிவிடுகிறது. இன்று கிடைக்கும் இசைச் சுவடிகளில் சிவப்பு மையை இப்படிப் பயன்படுத்திய மிகப் பழைய எடுத்துக்காட்டு இதுதான். இன்னும் ஒன்று: ஒவ்வொரு தாளச் சுற்றும் கறுப்பில் தொடங்கி, நடுவில் சிவந்து, கறுப்பில் முடிகிறது, கால அளவுகளை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். அசல் மாலைமாற்று. உருவங்கள் மாறுவதைப் பாடப்போகிறேன் என்று மேல் குரல் சொல்லும்போது, கீழ்க் குரலில் அளவுகள் நிறம் மாறிக்கொண்டே இருக்கின்றன. தற்செயலாக இப்படி அமையுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இதில் ஒரு சின்ன சோகம். இந்தச் சுவடியின் முதல் நிழற்படப் பதிப்பை பியேர் ஓப்ரி 1907-ல் கொண்டுவந்தார். அருமையான வேலை, ஆனால் கறுப்பு-வெள்ளை. நான் முதலில் பார்த்ததும் அப்படிப்பட்ட ஒரு நகல்தான். சிவப்புச் சுரங்கள் வெறும் மங்கலான சாம்பல் புள்ளிகளாகத் தெரிந்தன; மை தேய்ந்துபோனது என்றே நினைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து நூலகத்தின் 'காலிக்கா' தளத்தில் வண்ணப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் 'அட' என்று தோன்றியது. இந்தப் பாட்டின் பாதி விஷயம் மையின் நிறத்தில் இருக்கிறது, அதைத்தான் படம் தின்றுவிட்டிருந்தது.

மேல் குரல்களில் வேறொரு சிக்கல். சின்னச் சுரங்கள் சாய்சதுரங்களாக, கூட்டம் கூட்டமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு கூட்டத்தில் மூன்றோ நான்கோ இருந்தால் எது நீளம், எது குறில் என்று எழுத்தில் தெளிவாக இல்லை. பாடுபவருக்கு மரபு தெரிந்திருக்க வேண்டும். மேல்நோக்கி ஒரு வால் போட்டு மிகச் சிறிய சுரத்தைத் தனியாகக் காட்டும் பழக்கம் பிறகுதான் பரவியது. ஆகவே ஒரே மோட்டெட்டின் இரண்டு பதிவுகளில் தாளம் வேறு மாதிரி கேட்டால் பாடகர்கள் மேல் கோபப்படாதீர்கள். சுவடி அதற்கு இடம் கொடுக்கிறது.

இரண்டாவது மூலம் அதே நூலகத்தில், பிக்கார்டி தொகுப்பின் 67-ஆம் எண்ணில் இருக்கும் ஒரு துண்டு. சிதைந்த மிச்சம், ஓவியம் இல்லை, கதை இல்லை, குதிரையும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அது நிரூபிக்கிறது: இந்தப் பாட்டு ஃபொவெல் கதைக்குள் மட்டும் அடைந்து கிடக்கவில்லை, தனியாகவும் ஊர் சுற்றியிருக்கிறது. பாடபேதம் பார்க்கவும், தாளக் குழப்பத்தைத் தீர்க்கவும் பதிப்பாசிரியர்கள் இதைத்தான் 146-உடன் ஒப்பிடுகிறார்கள். இதன் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க 'ட்ரிபும் க்வே' என்ற மோட்டெட்டுக்கு இன்னும் நல்ல யோகம். அது கடல் கடந்து இங்கிலாந்து போய், விசைப்பலகைக்கு மாற்றி எழுதப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ராபர்ட்ஸ்பிரிட்ஜ் சுவடியில் இடம்பெற்றுவிட்டது. விசைப்பலகை இசைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சுவடி அது.

சரி, வித்ரி எங்கிருந்து வந்தார்?

ஃபிலிப் த வித்ரி 1291-ல் பிறந்து 1361-ல் மறைந்தவர். அரச அலுவலகத்தில் வேலை, இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் நட்பு, 1351 முதல் மோ நகரத்தின் ஆயர் பதவி. அவர் பெயரோடு 'ஆர்ஸ் நோவா', அதாவது 'புதிய கலை', என்ற இசை இலக்கண நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வத்திக்கான் நூலகத்தின் பார்பெரினி லத்தீன் 307 என்ற சுவடியில் இருக்கும் படியின் முடிவில், இது ஆசான் பிலிப்பின் ஆர்ஸ் நோவா என்று எழுதியிருக்கிறது. அந்த நூல் சிவப்புச் சுரங்களின் பயன்களை விளக்கும்போது எடுத்துக்காட்டாக நம் மோட்டெட்டையும் குறிப்பிடுகிறது. 'இன் நோவா' என்று, மோட்டெட்டுஸ் குரலின் முதற்சொல்லால். அன்றைய வழக்கம் அப்படி.

ஹைன்ரிஷ் பெஸ்ஸெலர் என்ற ஜெர்மன் அறிஞர் 1927-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில் இதைப் பிடித்துக்கொண்டார். நூல் வித்ரியுடையது, எடுத்துக்காட்டும் அவருடைய சொந்தப் பாட்டாகத்தான் இருக்கும் என்பது தர்க்கம். நடை ஒற்றுமையும் அதற்குத் துணை. லியோ ஷ்ராடே 1956-ல் பதினான்காம் நூற்றாண்டு பலகுரல் இசைக்கான பெரிய தொகுப்பின் முதல் தொகுதியில் வித்ரியின் படைப்புகள் என்று ஒரு பகுதியையே ஒதுக்கி, அதில் இந்த மோட்டெட்டையும் சேர்த்தார். அதற்கு அப்புறம் இசைத்தட்டு உறைகள் எல்லாம் அதையே பின்பற்றின. ஒரு தடவை கெட்டி அட்டைத் தொகுதியில் அச்சாகிவிட்டால் ஊகம் தகவலாகிவிடுகிறது.

கவனித்துப் பாருங்கள்: அந்த நூல் 'இது என் பாட்டு' என்று எங்கும் சொல்லவில்லை. இலக்கண ஆசிரியர் பிறர் பாட்டை மேற்கோள் காட்டுவது உலக வழக்கம். பிறகு 1980-களின் நடுவில் சாரா ஃபுல்லர் இன்னும் அடியிலேயே கை வைத்தார். ஆர்ஸ் நோவா என்று நாம் படிக்கும் நூல் முழுமையான ஒரு நூலே அல்ல. சுவடிக்குச் சுவடி வேறுபடும் பாடக்குறிப்புகளின் கூட்டம். வித்ரியின் கற்பித்தலில் வேர் இருக்கலாம், ஆனால் அவர் எழுதிய நூல் என்பது மாயத்தோற்றம் என்று காட்டினார். நூலே கேள்விக்குள்ளானால், அதை வைத்துப் பாட்டுக்குச் சூட்டிய பெயரும் ஆட்டம் காணும். கேரன் டெஸ்மண்ட் 2015-ல் எதிர்ப்பக்கம் சாய்ந்து, பழைய கலையையும் புதிய கலையையும் சேர்த்து விளக்கிய ஒரு நூலை வித்ரி உண்மையிலேயே எழுதியிருக்கலாம் என்று வாதிட்டார். என் கணிப்பைக் கேட்டால், 'காரித் கால்லுஸ்' வித்ரியுடையது என்பதற்கு வாய்ப்பு அதிகம்தான். அந்த வட்டத்தில், அந்த வயதில், அந்தக் கல்வியோடு வேறொருவரைக் காட்டுவது கடினம். ஆனால் 'வாய்ப்பு அதிகம்' என்பதற்கு உறையில் இடம் கொடுக்க மாட்டார்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது ஆண்டு பற்றிய விவாதம்.

நரி யார், சிங்கம் யார் என்று பாட்டு பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளின் பாரிஸில் நரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வந்திருக்கக்கூடிய ஆள் ஒருவர் உண்டு: அங்கெரான் த மரின்யி, அரசர் நான்காம் பிலிப்பின் வலக்கை, கஜானாவின் சாவியே அவர் கையில். பிலிப் 1314 நவம்பர் 29-ல் இறந்தார். பாதுகாப்பு போனது; பிலிப்பின் தம்பி ஷார்ல் த வலுவா முன்னின்று வழக்கை நடத்த, 1315 ஏப்ரல் 30-ல் மரின்யி மோன்ஃபோகோன் தூக்குமேடையில் தொங்கவிடப்பட்டார். ஐந்தே மாதம்.

146-ஆம் சுவடியில் மரின்யியைச் சுட்டும் மோட்டெட்டுகள் மூன்று. 'ஆமான் நோவி' அவருடைய தூக்கைப் பாடுகிறது, விவிலியத்து ஆமானைப் போல. 'ட்ரிபும் க்வே' அவருடைய வீழ்ச்சியை. 'காரித் கால்லுஸ்' மட்டும் நரி இன்னும் ஆட்சியில் இருப்பதாக, சிங்கம் இன்னும் குருடாக உட்கார்ந்திருப்பதாக நிகழ்காலத்தில் பேசுகிறது. பழைய அறிஞர்கள் கணக்கைச் சுலபமாகப் போட்டார்கள்: சிங்கம் அரசர் பிலிப், அவர் உயிரோடிருக்கும்போது எழுதியது, ஆகவே 1314 நவம்பருக்கு முன்; 'ட்ரிபும் க்வே' 1315 தொடக்கம்; ஆமான் பாட்டு ஏப்ரலுக்குப் பின். உறையில் இருக்கும் 1314 இப்படி வந்ததுதான்.

1998-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்த ஃபொவெல் ஆய்வுத் தொகுப்பை மார்கரெட் பென்ட்டும் ஆண்ட்ரூ வாத்தேயும் பதிப்பித்தார்கள். அதில் பென்ட் எழுதிய கட்டுரை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டியது. சுவடியில் இந்த மூன்று பாட்டுகளும் எந்த வரிசையில் இருக்கின்றன? 'ஆமான் நோவி' 30-ஆம் ஏட்டில். 'ட்ரிபும் க்வே' 41-இன் பின்பக்கமும் 42-உம். 'காரித் கால்லுஸ்' 44-இன் பின்பக்கம். நிகழ்ச்சி வரிசைக்கு நேர் தலைகீழ்! தூக்கில் தொங்கியவன் முதலில், வீழ்ந்தவன் பிறகு, ஆட்சியில் இருப்பவன் கடைசியில்.

முன்பு இதைத் தொகுத்தவரின் அலட்சியம் என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் இவ்வளவு கணக்காகத் திட்டமிட்ட சுவடியில் அலட்சியம் என்பது சுலபமான பதில். இப்போது அந்த 'மறுபடி' என்ற சொல்லுக்குத் திரும்பி வாருங்கள். வீழ்த்தப்பட்ட நாகம் நரியாக 'மறுபடி வாழ்கிறது'. இன்னொரு பார்வோன் 'மறுபடி' விரட்டுகிறான். சுவடி வரிசைப்படி படித்தால், செத்துத் தொங்கியவன் கதையின் முடிவில் வேறு உருவில் எழுந்து வந்துவிட்டான். ஃபொவெல் கதையிலும் அதேதான்: குதிரை மணம் முடித்து, பிள்ளை பெற்று, அதன் குட்டிகள் பிரான்ஸ் என்ற நந்தவனத்தை நாசமாக்கிக்கொண்டிருக்கும் கட்டத்தில்தான் இந்தப் பாட்டு வருகிறது. உருமாற்றத்தைப் பாடும் ஓவிடின் அடிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஆக, பாட்டின் நிகழ்காலத்தை எழுதிய நாளாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு, நடக்கும் முன்பு பேசுவதுபோல எழுதுவதும் கவிஞர்களின் பழைய வித்தை. மூன்றும் ஒரே திட்டத்தில், இந்தச் சுவடியை மனத்தில் வைத்தே, எழுதப்பட்டிருக்கலாம்.

அப்படியானால் 1314 தவறா? தவறு என்று நிரூபிக்க முடியாது. பென்ட்டின் வாசிப்பு வலுவானது என்பது என் அபிப்பிராயம், ஆனால் அதிலும் ஒரு பிடி தளர்வு உண்டு: முன்பே எழுதிய பாட்டைப் பின்னால் வந்த தொகுப்பாளர் கெட்டிக்காரத்தனமாகத் தலைகீழாக வைத்தார் என்றாலும் இதே விளைவு கிடைக்கும். 'மறுபடி' என்ற சொல் பாட்டுக்குள்ளேயே இருப்பதுதான் என்னை அவர் பக்கம் தள்ளுகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது மேல் எல்லை மட்டும். சுவடி ஐந்தாம் பிலிப்பின் ஆட்சியைக் குறிப்பிடுகிறது. அதனால் பொதுவாக 1317, 1318 வாக்கில் உருவானது என்று வைக்கிறார்கள். பாட்டு அதற்குள் இருந்தாக வேண்டும்.

தொடர்ந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு: பாடல்களின் சொற்களை எமிலி டாங்க் 1935-ல் பதிப்பித்தார், இசைக்கு ஷ்ராடே இன்றும் கைக்கெட்டும் பதிப்பு, சுவடியைப் பற்றி ரோஸ்னர், அவ்ரில், ரெகலாடோ மூவரும் 1990-ல் ஒரு படப்பதிப்போடு எழுதிய நீண்ட முன்னுரைதான் எல்லோரும் தொடங்கும் இடம். உருமாறும் உடல்கள், கலப்பு மிருகங்கள் என்ற கோணத்திலிருந்து அன்னா ஸயரூஸ்னாயா எழுதியதும் நம் நரிக்கு நேரடியாகப் பொருந்தும். பென்ட் தம் மோட்டெட் கட்டுரைகளை 2023-ல் ஒரே பெரிய நூலாக்கிவிட்டார். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது.

உறையை நான் எழுதுவதாக இருந்தால் இப்படிப் போடுவேன்: 'காரித் கால்லுஸ் / இன் நோவா ஃபெர்ட் / நியூமா. சுவடியில் பெயர் இல்லை. ஃபிலிப் த வித்ரியாக இருக்கலாம். பாரிஸ், 1318 வாக்கிற்கு முன்.' விற்பனைக்கு உதவாது, தெரியும்.

'காலிக்கா' தளத்தில் அந்த 44-ஆம் ஏட்டைத் திறப்பவர்கள் அப்படியே ஒரு பக்கம் தள்ளி 45-ஐயும் பாருங்கள். ஃபொவெல் முடிந்துவிட்டான் என்று சொல்லிவிட்டு, எழுதியவர் எனக்கு ஒரு சுற்று ஒயின் கொடுங்கள் என்று கேட்கிறார். பக்கத்திலேயே ஒரு மோட்டெட், நல்ல ஒயினைப் பற்றி. அதன் டெனார் பாடுவது இதுதான்: 'இந்தப் பாட்டுக்குத் தாகமாயிருக்கிறது.'